மஞ்சள் அட்டையும் மஞ்சள் கண்ணும்: கானாவிலிருந்து ஊர் திரும்பியவருக்கு வந்த காய்ச்சல்

வள்ளியூருக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் பொது மருத்துவராக இருக்கிறேன். கீழே வருவது என்னிடம் வந்த ஒரு நோயாளியின் கதை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், வயது போன்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர்கள் வருடாவருடம் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் அவசியம் படிக்க வேண்டும், என்னைப் போன்ற மருத்துவர்களும் படிக்க வேண்டும்.

வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முப்பத்தெட்டு வயது ஆள். மனைவியும் கொழுந்தனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆறு நாளாகக் காய்ச்சல். கண் நல்ல மஞ்சள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே வேறெதையோ பேசினார். சூடு 103 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 124, ரத்த அழுத்தம் 96/60. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 52.

மனைவி கொண்டுவந்த பிளாஸ்டிக் கவரில் பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தன. காய்ச்சலின் இரண்டாம் நாள் வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். டெங்குவுக்கான என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். தட்டணுக்கள் 92,000. ‘வைரஸ் காய்ச்சல்’ என்று ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த மருத்துவரை நான் குறை சொல்லமாட்டேன். 2012-இல் இந்த மாவட்டம் டெங்குவில் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். காய்ச்சலும் தட்டணு இறக்கமும் சேர்ந்து வந்தால் எங்கள் மனம் தானாகவே அங்கேதான் போகும். அடுத்த இரண்டு நாள் நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும். நாலாம் நாள் கண் மஞ்சளானதும், ‘இது காமாலை’ என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். கீழாநெல்லியை மோரில் அரைத்து வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பில்லாப் பத்தியமும் வைத்தார்கள்.

என் கண்ணில் பட்டது அவருடைய விரல்கள். இரண்டு கையிலும் கட்டை விரல், ஆள்காட்டி விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் செதிள் செதிளாக உரிந்திருந்தது. தூத்துக்குடிப் பக்கம் முந்திரி ஆலைகளில் வேலை பார்த்த பெண்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் இப்படித்தான் வெந்து கறுக்கும்.

“முந்திரி வேலையாம்மா?”

“ஆமா சார். கொட்டை வாங்கப் போவாவ.”

“எங்க போயிருந்தாரு?”

“ஆப்பிரிக்காவுக்கு சார். இவிய ஊருக்கு வந்தே பன்னெண்டு நாள்தான் ஆவுது.”

முதலில் காட்டிய இடத்தில் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். “அவிய கேக்கல சார், நாங்களும் சொல்லல” என்றார். காய்ச்சல் வந்தது ஊருக்கு வந்து ஆறு நாள் கழித்து, அதுவும் கோயில் கொடைக்கு மறுநாள். ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டுக் கேட்டுக் கண்விழித்த அலுப்பு என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். அந்தக் காய்ச்சலையும் முன்பு போய்வந்த நாட்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் காரணம் தோன்றவில்லை.

மலேரியா அட்டைப் பரிசோதனையில் பத்து நிமிடத்துக்குள் ஃபால்சிபரம் என்ற, உயிருக்கே ஆபத்தான மலேரியா வகைக்கான கோடு அழுத்தமாக விழுந்தது. அதற்குள் லேப் பெண் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெலிதாக இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு, “சார், கொஞ்சம் வந்து பாருங்க” என்று குரல் கொடுத்தாள். இளஞ்சிவப்பு அணுக்களுக்குள்ளே ஒற்றைக்கல் மோதிரம் போல நீல வளையமும் அதில் ஒரு செம்புள்ளியும். சில அணுக்களில் இரண்டு மோதிரங்கள், சிலவற்றில் அணுவின் விளிம்போடு ஒட்டிய மோதிரம். இருபது வருடத் தொழிலில் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே பார்வைப் பரப்பில் இத்தனை மோதிரங்களைப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்ததில் நூறு சிவப்பணுக்களுக்குப் பதினொன்றில் கிருமி இருந்தது. பத்தைத் தாண்டினாலே அது தீவிர மலேரியா. போதாததற்கு இவருக்கு நினைவும் தடுமாறிக்கொண்டிருந்தது.

25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலைச் சிரை வழியாக ஏற்றினோம். கிருமி சர்க்கரையைத் தின்கிறது, ஈரல் புதிதாகச் சர்க்கரை செய்யத் திணறுகிறது, அதோடு பத்தியம் என்று இரண்டு நாள் அரைப்பட்டினி. 52 வந்ததில் ஆச்சரியமே இல்லை. சர்க்கரை ஏறியதும் பேச்சு கொஞ்சம் தெளிந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தீவிர மலேரியாவுக்கான மருந்தான ‘ஆர்ட்டிசுனேட் ஊசி கையிருப்பில் இருக்கிறதா’ என்று உறுதி செய்துகொண்டு 108-இல் ஏற்றினேன். தெரிந்துகொள்ளாமல் அனுப்பி, அங்கே போய் மருந்தைத் தேடும் நிலை வந்தால் அந்த ஐம்பது கிலோமீட்டரும் வீண்.

அங்கே எடுத்த ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிருபின் 6.8, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.4, தட்டணுக்கள் 38,000, ஹீமோகுளோபின் 9.2. ஆர்ட்டிசுனேட் கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் கணக்கில் சேர்ந்தவுடன் ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று. இரண்டாம் நாள் முடிவில் கிருமி ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. மூன்றாம் நாள் தகட்டில் ஒன்றுமில்லை. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. பிறகு மூன்று நாள் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரை. ஒவ்வொரு வேளையும் பாலோடு, ஏனென்றால் கொழுப்பு இல்லாமல் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கடைசியாக ஒரே வேளை பிரைமாகுயின். அது அவருக்காக அல்ல, ஊருக்காக. ஃபால்சிபரத்தின் பிறை வடிவக் கிருமிகளைக் கொன்றால்தான் எங்கள் ஊர் அனாபிலிஸ் கொசு அதை எடுத்துப் பரப்பாது. கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடும் அனாபிலிஸ் இங்கே இருக்கத்தான் செய்கிறது. சுகாதார ஆய்வாளர் வந்து அந்தத் தெருவில் வீடு வீடாக ரத்தத் தடவல் எடுத்தார், தொட்டிகளில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றினார்கள். யாருக்கும் கிருமி இல்லை.

மூன்றாம் வாரம் ஒரு சிறு பயம் வந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதாகச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.4. ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களில் சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துச் சிவப்பணுக்கள் உடைவதுண்டு. மருந்தால் செத்த கிருமி வெளியே தள்ளப்பட்டதால் அப்போது தப்பிய அணுக்கள் அந்தச் சமயம் ஆயுள் முடிந்து அழிகின்றன. நோய் திரும்பிவிட்டதோ என்று தகட்டைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வாரம் ஒருமுறை ரத்தம் பார்த்துக் காத்திருந்தோம். ஆறாம் வாரம் 11-ஐத் தொட்டது. தீவிர மலேரியாவிலிருந்து தேறி வீட்டுக்குப் போகிறவரிடம் ‘நாலு வாரத்துக்கு வாரம் ஒருமுறை ரத்தம் பாருங்கள்’ என்று சொல்லி அனுப்ப வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இனி, இது எங்கே தொடங்கியது என்பது. தெம்பு வந்தபின் ஒரு மாலை, கிளினிக்கில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவரை உட்கார வைத்து முதலிலிருந்து கேட்டேன்.

மாசி மாதம் கிளம்பியிருக்கிறார். கானாவின் நடுப்பகுதியில் டெக்கிமன் ஊர்ப்பக்கம் அப்போது முந்திரி சீசன். சாக்கு சாக்காக வரும் கொட்டையிலிருந்து மாதிரி எடுத்து, குறுக்கே வெட்டி, நல்ல பருப்பு எவ்வளவு தேறும் என்று எடை போட்டு, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு என்று சொல்வதுதான் அவர் வேலை. ‘கட்டிங் பாக்குறது’ என்பார்கள். அவர் சொல்லும் எண்ணை வைத்துத்தான் விலை. பத்து வாரம் கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்குப் பக்கத்திலேயே தங்கல், கூடக் கொல்லத்து ஆட்கள் இரண்டு பேர். சாயங்காலம் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து இருட்டும்வரை கணக்குப் பார்ப்பார்களாம். அனாபிலிஸ் கடிக்கும் நேரமே அந்திக் கருக்கலிலிருந்து விடிகாலை வரைதான்.

தடுப்பூசி போடவில்லையா என்றால், போட்டிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து அந்த மஞ்சள் அட்டையை எடுத்து என் மேஜையில் வைத்து, “ஊசி போட்டிருக்கம்லா சார். பின்ன எப்படி வந்துச்சு?” என்றார். கேள்வி நியாயமானதுதான்.

அது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கான சர்வதேசச் சான்றிதழ். அது இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். மலேரியாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மஞ்சள் காய்ச்சல் ஒரு வைரஸ், பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு பரப்புவது. மலேரியா ஓர் ஒட்டுண்ணி, இரவில் கடிக்கும் அனாபிலிஸ் பரப்புவது. ஆனால் அவருக்கு அட்டையின் நிறமும் மஞ்சள், ஊசியின் பெயரும் மஞ்சள். ‘ஆப்பிரிக்கா ஊசி’ ஒன்று போட்டால் ஆப்பிரிக்கக் காய்ச்சல் எல்லாமே அடங்கும் என்று எண்ணிவிட்டார். அவர் வீட்டாருக்கோ மஞ்சள் என்றால் காமாலை. கண் மஞ்சளானதும் கை தானாகக் கீழாநெல்லிக்குப் போய்விட்டது. மலேரியாவில் சிவப்பணுக்கள் உடைந்து கொட்டுவதாலும் ஈரல் தளர்வதாலும் கண் மஞ்சளாகும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பல காமாலைகள் தாமாகவே ஆறிவிடும், அதனால் கீழாநெல்லி கொடுத்த பாட்டிக்கு ஆயுள் முழுக்க நல்ல அனுபவம்தான் இருந்திருக்கும். இந்த முறை அது இரண்டு நாளை எடுத்துக்கொண்டது. ஃபால்சிபரத்தில் இரண்டு நாள் என்பது மிக நீண்ட காலம். நம் மொழியில் மஞ்சள் காய்ச்சல், மஞ்சள் காமாலை, மஞ்சள் அட்டை என்று மூன்றும் ஒரே சொல்லைச் சுமக்கின்றன. ஊசி போடும் இடத்தில் யாராவது இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைப் பிரித்துச் சொல்லியிருந்தால் போதும்.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதையும் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 17டி என்ற, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸிலிருந்து செய்த தடுப்பூசி அது. அதை உருவாக்கிய மாக்ஸ் தெய்லருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலை 11 முதல் சான்றிதழும் ஆயுளுக்கும் செல்லும். பழைய அட்டையில் பத்து வருடம் என்று இருந்தாலும் புதுப்பிக்க வேண்டாம். ஆனால் போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். டிக்கெட் எடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம், எங்களுக்குப் பக்கமாகத் தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகம் ஆகியவற்றில் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், உடைத்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். அதனால் எல்லா நாளும் போடமாட்டார்கள். முன்கூட்டியே பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போங்கள். ஏஜென்ட் ‘ஊசி இல்லாமலே அட்டை வாங்கித் தாரேன்’ என்றால் வாங்காதீர்கள்.

முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் இதைப் போடக்கூடாது. கர்ப்பிணிகளும் அறுபது வயதைத் தாண்டியவர்களும் மருத்துவரிடம் பேசாமல் போடக்கூடாது. திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் அட்டையைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அவர்கள் கெடுபிடி செய்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்களிடம் நான் சொல்வது 2016-இன் கதை. அங்கோலாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது அங்கே வேலைக்குப் போய்த் திரும்பிய 11 பேர் நோயோடு சீனாவில் இறங்கினார்கள். ஆசியாவுக்கு அந்த நோய் வந்தது அதுவே முதல் தடவை. நல்ல வேளையாக அங்கே பரவவில்லை. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் உடைந்த குடத்திலும் இருக்கிறது அதே ஏடிஸ். டெங்குவைப் பரப்பும் அதே கொசு இதையும் பரப்பும்.

மலேரியாவுக்கு வருவோம். கம்பெனியில் மலேரியா வராமல் தடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை அட்டைகள் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். தினம் ஒன்று, 100 மில்லிகிராம். இவர் பதினோரு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். “நெஞ்செல்லாம் எரிஞ்சுது சார். எச்சி முழுங்க முடியல.” எப்போது சாப்பிடுவீர்கள்? “படுக்கப் போகையில. ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுட்டுப் படுத்துருவேன்.”

இதைக் கேட்டபோது எனக்கு மனம் கனத்துப் போய்விட்டது. டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டினால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். ஒரு மணி நேரம் படுக்கக்கூடாது. இந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் மாத்திரை நின்றது, மாத்திரை நின்றதால் மலேரியா வந்தது. கூட இருந்தவர்களும், “அண்ணாச்சி, இங்க யாரு இதத் திங்கா?” என்று கேட்டிருக்கிறார்கள். உண்மைதான், அந்த ஊர்ப் பெரியவர்கள் தின்பதில்லை. சிறு பிள்ளையிலிருந்து கடிபட்டுக் கடிபட்டு, பிழைத்துவந்தவர்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு ஊறியிருக்கிறது. அவர்களுக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போகும். அதே கடி நமக்கு உயிருக்கே ஆபத்து. ‘நாமளும் வெயில்லயும் கொசுக்கடியிலயும் வளந்தவங்கதான’ என்கிறார்கள். நாம் வளர்ந்த கொசுக்கடி வேறு. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு ஆப்பிரிக்க ஃபால்சிபரத்தை அறிமுகமே கிடையாது. அந்த விஷயத்தில் நமக்கும் குளிர்தேசத்து வெள்ளைக்காரருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

நிறுத்தாமல் போட்டிருந்தாலும் இன்னொரு இடத்தில் தவறியிருப்பார். ஊர் திரும்பியதும் மாத்திரையை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாராம். டாக்ஸிசைக்ளினோ வாரம் ஒரு தடவை போடும் மெஃப்ளோகுயினோ, திரும்பி வந்த பின்பும் நாலு வாரம் போட வேண்டும். கடைசி நாள் கடித்த கொசு விட்ட கிருமி முதலில் ஈரலில் ஒளிந்திருந்துவிட்டுத்தான் ரத்தத்துக்கு வரும். அது வரும்போது மருந்து ரத்தத்தில் காத்திருக்க வேண்டும். ஏழு நாள் மட்டும் தொடர்ந்தால் போதும் என்ற அட்டோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரையும் உண்டு, எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.

அடுத்த தை மாதம் அவர் தாமாகவே வந்தார், கிளம்ப ஆறு வாரம் முன்னால். பகல் முழுக்கக் களத்து வெயிலில் நிற்கிறவர். டாக்ஸிசைக்ளின் போட்டால் வெயிலில் தோல் வெந்துபோகும் வாய்ப்பு உண்டு. வலிப்பு, மனச்சோர்வு எதுவும் முன்பு இருந்ததில்லை என்று விசாரித்துவிட்டு மெஃப்ளோகுயினைத் தேர்ந்தெடுத்தோம். வாரம் ஒன்று, வெள்ளிக்கிழமை. மூன்று வாரம் முன்பே தொடங்கினோம், கெட்ட கனவோ படபடப்போ வந்தால் இங்கேயே தெரிந்து மாற்றிக்கொள்ளலாம் என்று. டைஃபாய்டு ஊசியும் டெட்டனஸ்-டிஃப்தீரியா ஊசியும் போட்டேன். கானாவின் வட பகுதி மெனிஞ்சைட்டிஸ் என்ற மூளை உறைக் காய்ச்சல் பரவும் மண்டலத்தில் வருகிறது, வறண்ட மாதங்களில்தான் அது பரவும், அவர் போவதும் அப்போதுதான். ஆகையால் நான்கு வகைக்கும் சேர்ந்த மெனிஞ்சைட்டிஸ் ஊசியும் ஒன்று. மேலப்பாளையத்திலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊசியை முகாம் வைத்து ஒருவர் விடாமல் போட்டு அனுப்புகிறார்கள். அவர்களைக் கேட்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒற்றை ஒற்றையாக ஏஜென்ட் மூலம் போகிற எலக்ட்ரீசியனையும் கட்டிங்காரரையும் கேட்க யாருமில்லை. இது எனக்கு நெடுநாளாக மனக்குறை. நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

மருந்தில் தோய்த்த கொசுவலை ஒன்று வாங்கிக்கொண்டார். போன் கவருக்குள் வைக்க ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: ‘இவர் கானாவில் இருந்தவர். திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் முதலில் மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கவும்.’ அதே நகல் ஒன்றை மனைவியிடம் கொடுத்தேன், பேச்சுத் தடுமாறும் நிலை வந்தால் பேச வேண்டியவர் அவர்தானே.

இந்த வைகாசியில் திரும்பி வந்த மறுநாள் ரத்தம் பார்த்தோம், கிருமி இல்லை. போன வாரம் பிள்ளைக்கு இருமல் என்று மனைவி வந்திருந்தார். மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்று கேட்டேன். வீட்டுச் சுவரில் மாட்டிய மாதக் காலண்டரைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். நாலு வெள்ளிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், அதில் மூன்றின் மேல் குறுக்குக் கோடு. “இன்னும் ஒண்ணுதான் சார் பாக்கி” என்றார்.